கறளும் ஒரு சான்று

ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைத் தமிழ் பயின்றோர் யாவரும் அறிவர். அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுச் சென்ற அப்பெருமாட்டிக்குத் தொண்டைமான் தன் படைக்கலச் சாலையைத் திறந்து காட்டினான். அங்கிருந்த கருவிகள் பீலி அணிந்திருந்தன, மாலை சூடியிருந்தன, காம்பு திருத்தப்பெற்று நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க பெருமனையிற் கிடந்தன. எம்மரசனுடைய கருவிகளோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனுடைய சிறு குடிலிற் கிடப்பன என்று ஔவையார் மறுமொழி கூறினார். புறநானூற்றில் 95ஆம் பாட்டு இச்செய்தியைக் கூறுவது. புகழ்வது போலப் பழித்த அந்த நயத்தை நாம் வகுப்பறையில் வியந்து உரைக்கின்றோம். உரைத்து முடிந்ததும் நூலை மூடிவிடுகின்றோம்.

மூடுவதற்கு முன் ஒரு வினாவை எழுப்பிப் பார்க்கலாம். அப்பாட்டிலே படைக்கலத்துக்கு இரண்டு இடங்களே உள. ஒன்று அரண்மனை, மற்றொன்று உலைக்களம். அரண்மனையில் இருப்பது காட்சிக்கு. உலைக்களத்தில் இருப்பது அடுத்த போருக்கு. ஆடம்பரக் காட்சியும் வேண்டா, அடுத்த போரும் வேண்டா என்றிருக்கும் மக்களின் கையிலே பழைய படைக்கலம் ஒன்று அகப்படுமாயின் அதனை எங்கே வைப்பது?

இவ்வினா வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. தீவகத்தார் 1990களின் தொடக்கத்தில் ஊர் பெயர்ந்து சென்றவர்கள். திரும்பி வந்தோரும், அயல்நாட்டிலிருந்து வந்து போவோரும் இன்று பழைய மனைகளைத் திருத்துகின்றனர். பெட்டகங்கள் திறக்கப்படுகின்றன, பரண்கள் இறக்கப்படுகின்றன, கிணறுகள் இறைக்கப்படுகின்றன. ஊர்காவற்றுறையோ பாய்க்கப்பல்கள் பல நாட்டுப் பொருளைக் கொணர்ந்து இறக்கிய துறை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராய்ப் படைக்கலத்தோடு வந்திறங்கிய கரை. இத்தகைய நிலத்திலே, உள்ளங்கையில் அடங்கத்தக்க ஒரு சட்டைப்பைத் துப்பாக்கி கறளேறிய நிலையில் வெளிப்படுதல் வியப்பன்று. வெளிப்பட்டதும் மனிதர் செய்வது பெரும்பாலும் ஒன்றே. உப்புத்தாளும் மண்ணெண்ணெயும் தேடுவர், தேய்ப்பர், தேய்த்தது போதாதென்று முலாம் பூச ஆள் தேடுவர். கண்ணாடிப் பேழைக்குள் வெள்ளிபோல் மின்னும் அப்பொருளைக் காட்டி, இஃது எங்கள் பூட்டனாருடையது என்பர்.

அவ்வாறு செய்தல் தகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. பழைய படைக்கலத்தை அழியவிடாது காத்தல் வேண்டும். ஆயின் அதனைப் புதுக்குதல் கூடாது. காத்தலும் புதுக்குதலும் ஒன்றென நினைப்பதினாலேயே சான்றுகள் பல நம் கண்முன்னே மறைகின்றன.

முதலிற் சட்டத்தைச் சொல்லிவிடுதல் முறை. இந்நாட்டிற் சுடுகலன் வைத்திருப்பதற்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் உளது. தொல்பொருளுக்கு 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் உளது. பழையது, சுடாதது, ஆதலின் நம்மை ஒன்றும் செய்யாது என்று வீட்டுக்காரர் தாமே தீர்ப்புக் கூறுதல் கூடாது. கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸாருக்கும் அறிவித்தலே முதற்கடமை. இன்னுமொன்று: வாய்வழி மருந்திட்டு இடிக்கும் பழந்துவக்குகள் இடித்த மருந்தோடும் குண்டோடும் அப்படியே கைவிடப்பட்டிருத்தல் உண்டு. ஈரம் படாத கருமருந்து நூறாண்டு கழிந்தும் தன் குணம் மாறாது. வன்னியிலே இடியன் துவக்கைக் கையாண்ட முதியோர் இதனை நன்கறிவர். ஆகவே கண்டெடுத்த துப்பாக்கியின் வாயை நோக்கிப் பார்ப்பதும், அதன் குதிரையை இழுத்துப் பார்ப்பதும் பெரும் பேதைமை.

குதிரை என்றதும் இளமாணவர் நெடுந்தீவை நினைத்தல் கூடும். துப்பாக்கியின் ஓர் உறுப்புக்கும் தமிழிற் குதிரை என்றே பெயர். இக்கருவியைச் சூழ்ந்துள்ள சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு வரலாறு. வள்ளுவர் வான்சிறப்பிலே துப்பாக்கி என்று சொன்னாரே என மாணவர் குறும்பாகக் கேட்பதுண்டு. அங்கே அஃது உணவாக்கி என்னும் பொருளது. நாம் இன்று வழங்கும் துப்பாக்கியும், யாழ்ப்பாணத்துத் துவக்கும் துருக்கி மொழிச் சொல்லின் வழிவந்தவை. பீரங்கி என்பது பரங்கியர் பெயரோடு உறவுடையது. அப்பொருள்கள் எவ்வழியாக நம்மிடம் வந்தன என்பதைச் சொல்லே காட்டுகின்றது. இச்சொற்களைக் கொடுந்தமிழெனத் தள்ளித் தூய சொற்களை மட்டும் அகராதியில் வைத்தால் அவ்வரலாறு தொலையும். பொருளுக்கும் இதுவே நியாயம்.

ஒரு பழைய சட்டைப்பைத் துப்பாக்கி தன்னைப்பற்றி எவ்வளவு சொல்லவல்லது என்பதைச் சற்று நோக்குவோம். சக்கிமுக்கிக் கல் மோதித் தீப்பொறி எழுப்பும் பொறியுடையதாயின் அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கோ அதற்கு முன்னோ உரியது. ஸ்கொத்லாந்துப் பாதிரியார் அலெக்சாந்தர் போர்சைத் 1807இல் அடித்தால் வெடிக்கும் மருந்துக்கு உரிமம் பெற்றார். அதன்பின்னரே சிறு செப்புத் தொப்பியை மாட்டிச் சுடும் முறை பரவிற்று. குழலின் அடியிலும் பக்கத்திலும் சிறு முத்திரைகள் இருக்கும். இலண்டன் துப்பாக்கி வினைஞர் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பர்மிங்காமிலே குழல்களைச் சோதித்து முத்திரையிடும் சாலை 1813இல் ஏற்பட்டது. ஆதலின் பர்மிங்காம்ச் சாலையின் முத்திரை ஒன்றே அப்பொருளின் காலத்தை ஒரு பக்கத்தில் வரையறுத்துவிடும். ஒல்லாந்தக் கம்பனியின் கருவியாயின் வீ.ஓ.சீ. என்னும் மூன்றெழுத்துப் பின்னலும், சிலவற்றில் அதன்மேலே கம்பனி மன்றத்தின் முதலெழுத்தும் காணப்படும். அக்கம்பனியின் ஆறு மன்றங்களுள் ஒன்று டெல்ஃப்ட் நகரில் இருந்தது. மற்றொன்று மிடில்பர்க் நகரில் இருந்தது. நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும் புங்குடுதீவுக்கு மிடில்பர்க் என்றும் ஒல்லாந்தர் பெயரிட்டதை நாம் அறிவோம். எனவே நம் தீவின் பெயரைக் கொடுத்த நகரத்தின் எழுத்தே ஒரு கறளேறிய இரும்புத் துண்டில் மறைந்திருத்தலும் கூடும்.

இம்முத்திரைகளின் ஆழம் மிகச் சிறிது. ஒரு பிற்பகல் அரத்தால் அராவினால் முந்நூறாண்டு போய்விடும்.

கறளின் தன்மையையும் அறிதல் வேண்டும். செந்நிறமாய்ப் பொருக்குவிட்டு உதிர்வது இன்னும் இரும்பைத் தின்றுகொண்டிருக்கும் கறள். கருநிறமாய் இறுகிப் படிந்திருப்பது அடங்கிய கறள். அது பெரும்பாலும் அடியிலுள்ள இரும்புக்குப் போர்வையாகின்றது. நம் கடற்காற்றில் உள்ள உப்பு இரும்பின் நுண்துளைகளிற் புகுந்து ஈரத்தை இழுக்கும்; அதனாலேதான் தீவகத்திற் சாளரக் கம்பிகூட விரைவில் மெலிகின்றது. எனவே ஒன்றும் செய்யாதிருத்தலும் காவலாகாது. மற்றுமொரு நுட்பம் உண்டு. பழைய வினைஞர் குழலை மெருகிட்டபின் வேண்டுமென்றே மெல்லிய கறளை ஏற்றி, அதைத் துலக்கி மீண்டும் ஏற்றிப் பழுப்பு நிறத்தை உண்டாக்கினர். சிலர் அக்கறளைக் கொதிநீரில் இட்டுக் கருநீலமாக்கினர். அஃதாவது, நாம் அழுக்கென்று தேய்த்தெறியும் பழுப்பு, அவ்வினைஞன் பலநாள் உழைத்து ஏற்றிய அழகாகவே இருத்தல் கூடும். முன்னோர் கைத்திறனைப் போற்றுகிறோம் என்று தொடங்கி அக்கைத்திறனையே துடைத்தெறிந்துவிடுகின்றோம்.

சான்றென்று நான் கூறுவது மிகையன்று என்பதற்கு உலகறிந்த ஒரு துப்பாக்கியே சாட்சி. 1865 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, வாஷிங்டன் நகரத்து போர்ட் நாடகசாலையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டார். சுட்ட கருவி பிலடெல்பியா நகரத்து ஹென்றி டெரிஞ்சர் செய்த சட்டைப்பைத் துப்பாக்கி. ஏறத்தாழ 6 அங்குல நீளமே உடையது. அது அந்நாடகசாலைக் காட்சியகத்தில் உள்ளது. அதனைத் திருடர் எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டனர் என்று பிற்காலத்தில் ஓர் ஐயம் பரவிற்று. 1997இல் எஃப்.பி.ஐ. எனப்படும் அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் அதனை ஆராய்ந்தனர். எதனைக் கொண்டு ஆராய்ந்தனர்? பல்லாண்டுக்கு முன் எடுத்த நிழற்படங்களை வைத்துக்கொண்டு, குழலிலுள்ள அரிப்புக் குழிகளையும், கைப்பிடி மரத்தின் வரிகளையும், அம்மரத்திலுள்ள வெடிப்பையும் ஒப்புநோக்கினர். அவை ஒத்திருந்தமையால் இது பழைய துப்பாக்கியே எனத் துணிந்தனர். அன்புமிக்க காவலர் ஒருவர் இடையிலே அதனைத் தேய்த்து மெருகிட்டு வெடிப்பையும் அடைத்திருப்பாராயின், மெய்ப்பொருளே போலியென நின்றிருக்கும். குழியும் வெடிப்புமே அதன் பிறப்புச் சாட்சிப்பத்திரம்.

நமது நாட்டுச் செய்தியொன்றும் கூறலாம். 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துச் சென்ற 6 பொருள்களை நெதர்லாந்து அரசு 2023இல் இலங்கையிடம் மீளக் கையளித்தது. அவற்றுட் சிறந்தது லெவ்கே திசாவையின் பெயரால் வழங்கும் பீரங்கி. அதன்மேற் கண்டியரசின் ஞாயிறும் திங்களும் சிங்கமும் பொறிக்கப்பட்டுள்ளன. அச்சின்னங்கள் அஃது எவ்வரசுக்கு உரியதென்பதை இரண்டரை நூற்றாண்டு கழித்தும் உரைத்தன. பழி தீர்க்கும் படைக்கலமாக அன்றி, உரிமை கூறும் சான்றாக அது திரும்பி வந்தது.

தமிழ் ஆசிரியர்க்கு இந்நெறி புதிதன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இற் கலித்தொகையையும் பதிப்பித்தபோது அவர்கள்முன் இருந்தவை செல்லரித்த ஏடுகள். ஏட்டிலே எழுத்துச் சிதைந்த இடத்திற் பதிப்பாசிரியர் என் செய்தல் வேண்டும்? புலமை மிக்கவர்க்கு அவ்விடத்தை இனிய சொல்லால் நிரப்புதல் அரிதன்று. நிரப்பினால் பாட்டு முழுமையாய் ஒலிக்கும், படிப்போர் மகிழ்வர். ஆனால் அது புலவன் வாக்காகாது, இடைச்செருகலாகும். நல்ல பதிப்பாசிரியர் சிதைந்த இடத்தைச் சிதைந்ததாகவே காட்டுவர். பாடபேதங்களைக் கீழே தருவர். தம் ஊகத்தை ஊகமென்றே குறிப்பர். பழைய துப்பாக்கிக்குப் புதிய குதிரையைப் பொருத்தி, புதிய முலாம் பூசி, பழையது என்று காட்டுவது இரும்பிற் செய்த இடைச்செருகலே. கட்டடங்களைக் காத்தல் பற்றி 1964இல் வெனிஸ் நகரிற் கூடிய அறிஞரும், ஊகம் தொடங்கும் இடத்திலே திருத்தம் நின்றுவிடல் வேண்டும் என்ற விதியையே வகுத்தனர். நம் பதிப்பாசிரியர்கள் ஏட்டின் மூலம் கண்ட உண்மையை அவர்கள் கல்லின் மூலம் கண்டனர்.

கல்லிலும் இத்தீங்கு நேர்ந்ததுண்டு. தமிழகத்திற் கோயில்களைத் துப்புரவாக்குகின்றோம் என்று மணலை விசையோடு வீசிச் சுவரைத் தேய்த்தபோது கல்வெட்டெழுத்துக்களும் சிற்பங்களும் மழுங்கின என்று அறிஞர் முறையிட்டனர். இதனை நயினாதீவோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள பராக்கிரமபாகு மன்னனது 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசிகள் காக்கப்பட வேண்டும் என்பதும், யானை குதிரை ஏற்றிவந்த மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு கூறு அரசனுக்கும் மூன்று கூறு உடையவனுக்கும் என்பதும், வாணிகச் சரக்கு ஏற்றிய கலம் கெட்டாற் செம்பாதி என்பதும் அதனாற் புலனாயின. யாரோ ஒருவர் கல்லைப் பளபளப்பாக்க எண்ணாதிருந்தமையாலன்றோ நம் துறைமுகத்தின் பழஞ்சட்டம் நமக்குக் கிடைத்தது?

இக்கருத்துக்கு மூன்று மறுப்புக்கள் எழலாம்.

குத்துவிளக்கைப் புளியிட்டு விளக்குகிறோமே, துப்பாக்கியை விளக்கினால் என்ன என்பார் உளர். விளக்கு இன்று மாலையும் ஏற்றப்படுவது. வழக்கில் உள்ள பொருளுக்குத் துலக்குதலே உயிர். வழக்கொழிந்த பொருளுக்குச் சான்றாயிருத்தலே தொழில். ஔவையார் காலத்துக் கொல்லன் நுனி சிதைந்த கருவியைத் திருத்தியது நேரிய செயலே. அது மறுநாட் களம்புக வேண்டியது. நம் கையிலுள்ளது களம்புகுதல் கூடாது.

மின்னும்படி வைத்தாலே விலை மதிப்பு உயரும் என்பார் உளர். இது நேர்மாறான எண்ணம். மேனாட்டுப் பழம்பொருட் சேகரிப்போர், பிற்காலத்தில் மெருகிட்ட கருவியிலும் தன் பழைய மேனி கெடாத கருவியையே உயர்வாக மதிக்கின்றனர். நாம் விலையைக் கருதாவிடினும் அவர்கள் கண்ட உண்மையைக் கருதலாம்.

மூன்றாவது மறுப்பே நெஞ்சைத் தொடுவது. படைக்கலமே வேண்டாம், கண்டால் கடலில் எறிந்துவிடுங்கள் என்பது அது. 1983 முதல் 2009 வரை போர் நடந்த நாட்டிலே, துவக்கு என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு தாய் நடுங்குகிறாள் என்றால் அந்நடுக்கத்தை நாம் பழித்தல் ஆகாது. வீட்டில் ஒரு துருப்பிடித்த இரும்பு இருந்தமையால் என்ன நேருமோ என்று அஞ்சிக் கிணற்றிலும் கடலிலும் போட்டவர்களின் அச்சம் காரணமுடைய அச்சம். ஆயினும் இன்று அச்சத்தால் எறிதலும், பெருமையால் மெருகிடலும் ஒரே பயனைத் தருகின்றன. இரண்டாலும் சான்று கெடுகின்றது. சட்டத்தின் வழி ஒப்படைத்தலே அச்சத்துக்கும் மருந்து, வரலாற்றுக்கும் காவல்.

மெருகிட்ட துப்பாக்கியை வீட்டுச் சுவரில் மாட்டுவதில் மற்றொரு கேடும் உளது. அதனைப் பார்த்து வளரும் பிள்ளை, படைக்கலம் ஓர் அணிகலன் என்று கற்கும். தொண்டைமான் செய்த பிழையும் அதுவே. பீலியும் மாலையும் சூட்டிய கருவி போரின் துயரத்தை மறைத்துவிடும். கறளோடும் வெடிப்போடும், எங்கே எப்போது கிடைத்தது என்ற குறிப்போடும் வைக்கப்பட்ட துப்பாக்கி அப்பிள்ளைக்கு வேறொன்றைக் கற்பிக்கும். கையில் அடங்கும் சிறு கருவி எவ்வளவு பெரிய கேட்டைச் செய்யவல்லது என்பதை அது கேட்கும். 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சிப் புகைவண்டி நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டதும் பெல்ஜிய நாட்டு பிரௌனிங் கைத்துப்பாக்கி ஒன்றினாலேயே. போற்றுவோர் போற்றுக, இரங்குவோர் இரங்குக. இரண்டுக்கும் முன் உண்மை தெரிதல் வேண்டும்.

ஆகவே செய்யத்தக்கன யாவை? பொருள் கிடைத்த இடத்தையும் நாளையும் உடனே எழுதிவைத்தல், கையாளாமல் அறிவித்தல், அதிகாரிகள் மருந்தும் குண்டும் இல்லையெனத் தெளிந்தபின் நான்கு புறமும் நிழற்படம் எடுத்தல், அரம், உப்புத்தாள், புளி, எலுமிச்சை ஆகியவற்றைக் கிட்டக் கொணராமை. உதிரும் செங்கறளை அடக்குவதும், உப்பை நீக்குவதும், மெல்லிய மெழுகால் ஈரத்தைத் தடுப்பதும் பயிற்சி பெற்றோர் பணி. கறளைக் கருமையாக்கி அடக்கக் காப்பாளர் பயன்படுத்தும் துவர்ப்பொருள், நம் முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் கூட்டி மை செய்தபோது பயன்படுத்திய துவர்ப்பே என்பதை அறிந்து மகிழலாம். அதற்காக வீட்டில் கடுக்காய்க் கியாழத்தைக் காய்ச்சத் தொடங்குதல் வேண்டா. செய்யும் எச்செயலும் பின்னர் நீக்கத்தக்கதாயும், எழுத்திற் பதியப்பட்டதாயும் இருத்தல் வேண்டும் என்பதே அக்கலையின் தலைவிதி.

தீவகத்துப் பாடசாலைகள் ஒரு சிறு பணியை மேற்கொள்ளலாம். ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு பதிவேடு திறக்கப்படுக. பழைய பூட்டு, நங்கூரம், கப்பலாணி, நாணயம், ஏடு, ஒப்படைக்கப்பட்ட படைக்கலம் ஆகிய யாவும் அளவோடும் படத்தோடும், அவற்றைப்பற்றி வீட்டு முதியோர் கூறும் செய்தியோடும் அதிற் பதியப்படுக. பொருள் யாழ்ப்பாணத்து நாவலர் வீதிக் காட்சியகத்துக்கோ வேறு தக்க இடத்துக்கோ செல்லலாம். செய்தி ஊரிலேயே நிற்கும். முதியோர் மறைந்தபின் அச்செய்தியை எந்தக் காப்பாளராலும் மீட்க முடியாது. இரும்பைவிட விரைவிற் கறளேறுவது நினைவு.

அரண்மனைக்கும் உலைக்களத்துக்கும் அப்பால் மூன்றாவதோர் இடம் படைக்கலத்துக்கு வேண்டும் என்றேன். அங்கே நெய்யும் பீலியும் இல்லை, சம்மட்டியும் இல்லை. ஓர் ஏடும், ஒரு குறிப்பும், ஓர் ஆசிரியரும், கேள்வி கேட்கும் மாணவரும் இருப்பர். அவ்விடத்தை அமைக்கும் பொறுப்பு ஆசிரியராகிய நமக்கே முதலில் உரியது.